மூச்சின் கணக்கு

கொருக்குப்பேட்டையில் என் ராத்தாவின் வீடு பள்ளிவாசலிலிருந்து மூன்றாவது வீடு. அங்கே தங்கும் நாள்களில் சுபுஹு பாங்கு என்னைக் கடிகாரத்தின் உதவியின்றியே எழுப்பிவிடும். முப்பது ஆண்டுகளாக நான் கேட்டுப் பழகிய குரல் அது. சென்ற மார்கழியில் சென்றிருந்தபோது அக்குரலில் ஒரு மாற்றத்தைக் கவனித்தேன். நெடிய வாக்கியங்களை ஒரே மூச்சில் இழுத்து நிறுத்தும் மோதினார், அவற்றை நடுவில் முறித்து இரண்டு மூச்சாகச் சொன்னார். ஒலிபெருக்கிக்கு இரக்கம் கிடையாது. இடையில் அவர் காற்றுக்குத் தவித்து இழுத்த ஓசையையும் அது தெரு முழுவதற்கும் கொண்டுபோய்ச் சேர்த்தது.

"ரெண்டு மாசமா இப்படித்தான் தம்பி" என்றார் ராத்தா. "பாங்கு முடிஞ்சதும் சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்துடுறாராம். மச்சான் வந்து சொல்றாங்க."

மறுநாள் அவரை ஒரு மருத்துவரிடம் அழைத்துச் சென்றேன். மோதினாருக்கு வயது அறுபத்தெட்டு. இருபத்தேழு வயதில் தெற்கிலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர். சரக்கு ரயிலிலிருந்து சிமெண்டு மூட்டை இறக்கும் வேலையில் சில ஆண்டுகள் இருந்துவிட்டுப் பள்ளிவாசலுக்கு வந்து சேர்ந்தவர். மருத்துவர் இளைஞர்; பொறுமையாகவே பேசினார். இருமல் எத்தனை நாளாக, சளி உண்டா, படியேறினால் இரைக்கிறதா என்று கேட்டுக்கொண்டே வந்தவர், "பீடி, சிகரெட் பழக்கம் உண்டா பெரியவரே?" என்றார். மோதினார் தலையைக் குனிந்துகொண்டார். "வாலிபத்துல பத்து வருஷம் குடிச்சேன் டாக்டர். பாங்கு சொல்ல வந்த அன்னைக்கு விட்டவன்தான்." மருத்துவர் அதைச் சீட்டில் எழுதிக்கொண்டார். குழாயில் ஊதச் சொல்லிச் சோதித்தார். நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் என்றார். உறிஞ்சும் மருந்து எழுதிக் கொடுத்தார். வெளியே வந்து ஆட்டோவுக்குக் காத்து நிற்கையில் மோதினார் சொன்னார்: "நான் செஞ்ச பாவம் தம்பி. என்னோடதான் வரும்."

அந்தச் சொல்தான் இக்கட்டுரையை எழுதவைத்தது. தன் குற்றத்தைத் தானே ஏற்பது நல்லடியார்களின் பண்பு என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அந்த முதியவர் தம் தலையில் ஏற்றிக்கொண்ட சுமை முழுவதும் அவருடையதுதானா? அதில் பிறர் பங்கு இருக்குமானால், அவர் தம் பணிவினால் அவர்களையும் சேர்த்தல்லவா விடுவித்துவிட்டார்?

மருத்துவர் கேட்டது சரியான கேள்வியே. புகையிலையைப் போல் நுரையீரலைக் கெடுக்கும் பொருள் வேறொன்றைக் காண்பது அரிது. பீடியைப் பற்றி நம்மவர்கள் பேசும்போது சற்றுத் தாழ்ந்த குரலில்தான் பேச வேண்டும். வேலூரிலும் மேலப்பாளையத்திலும் அதைச் சுற்றிப் பிழைத்த குடும்பங்கள் நம்மில் ஏராளம். எனினும் மருத்துவரின் சீட்டில் பீடிக்கு ஓர் இடம் இருந்தது. நாற்பத்தோர் ஆண்டுகள் அவர் இழுத்த காற்றுக்கு இடமில்லை.

வளர்ந்த மனிதன் ஒரு நாளைக்குப் பத்தாயிரம் லிட்டருக்கு மேல் காற்றை உள்ளிழுக்கிறான். அதில் உள்ள பெரிய தூசுகளை மூக்கின் மயிரும், மூச்சுக்குழாயின் கோழையும், அக்கோழையை ஓயாமல் மேல்நோக்கித் தள்ளிக்கொண்டிருக்கும் நுண்ணிய இழைகளும் தடுத்துவிடுகின்றன. படைத்தவன் அமைத்த காவல் அது. ஆனால் எரிபொருள் எரிந்து வரும் புகையில் உள்ள நுண்துகள்கள் 2.5 மைக்ரானுக்கும் சிறியவை. தலைமயிரின் பருமனில் இருபதில் ஒரு பங்குகூட இராதவை. அவை காவலைக் கடந்து, நுரையீரலின் அடியில் உள்ள காற்றுச் சிற்றறைகள் வரை செல்கின்றன. அச்சிற்றறைகள் முப்பது கோடிக்குக் குறையாது. அங்கே படியும் துகள் அழற்சியை உண்டாக்குகிறது. ஒரு பகுதி இரத்தத்திலும் கலந்து இதயத்தையும் மூளையின் நாளங்களையும் தாக்குகிறது.

நுரையீரலை ஒரு முதலுக்கு ஒப்பிடலாம். பிறந்தது முதல் இருபது, இருபத்தைந்து வயது வரை அந்த முதல் சேர்கிறது. அதன்பிறகு சேர்ப்பது நின்றுபோய்ச் செலவு தொடங்குகிறது. நல்ல உடல்நலம் உள்ளவருக்கும் ஒரு நொடியில் வேகமாக ஊதித் தள்ளக்கூடிய காற்றின் அளவு ஆண்டுக்கு 25, 30 மில்லிலிட்டர் குறைந்துகொண்டே வரும். நிறைய முதல் வைத்திருப்பவர் எண்பது வயதிலும் மாடி ஏறுவார். குறைந்த முதலோடு வாழ்வைத் தொடங்கியவர் ஐம்பதிலேயே வாசற்படியில் அமர்ந்துவிடுவார். ஆகவே ஒருவர் முதுமையில் மூச்சுக்குத் திணறுவது அவருடைய முதுமையில் தொடங்கிய செய்தியாக இருக்க வேண்டியதில்லை. அது அவர் பள்ளிக்கூடம் போன நாளிலோ, தாயின் வயிற்றில் இருந்த நாளிலோ தொடங்கியிருக்கலாம்.

இது வெறும் ஊகமில்லை. அமெரிக்காவின் தென் கலிபோர்னியாவில் பன்னிரண்டு ஊர்களின் பிள்ளைகளைப் பத்து வயது முதல் பதினெட்டு வயது வரை ஆண்டுதோறும் ஊதவைத்துச் சோதித்தார்கள். அதன் முடிவு 2004-இல் வெளிவந்தது. நுண்துகள் மிகுந்த ஊரில் வளர்ந்த பிள்ளைகளுள் நூற்றுக்கு ஏறத்தாழ எட்டுப் பேர் பதினெட்டு வயதில் குறைந்த நுரையீரல் திறனோடு நின்றார்கள். தூய்மையான ஊரில் அந்தத் தொகை நூற்றுக்கு இரண்டுகூட இல்லை. பின்னர் அப்பகுதியின் காற்று சட்டங்களின் பயனாகத் திருந்தியது. அடுத்து வந்த பிள்ளைகளின் நுரையீரல் முன்னவரைவிட நன்றாக வளர்ந்திருப்பதை 2015-இல் வெளியிட்டார்கள். இரண்டாவது செய்திதான் எனக்கு அதிகம் உறுத்துகிறது. காற்றைத் திருத்தினால் பிள்ளைகள் தேறுவார்கள் என்று தெரிந்துவிட்ட பிறகு, திருத்தாமல் இருப்பதற்கு விதியைக் காரணம் காட்ட இயலாது அல்லவா?

கொருக்குப்பேட்டையை அறியாத வாசகர்களுக்காக அதன் இருப்பிடத்தைச் சொல்லிவிடுகிறேன். தெற்கே இராயபுரமும் துறைமுகமும். கிழக்கே தண்டையார்பேட்டையின் எண்ணெய்க் கிடங்குகள். நடுவே சரக்கு ரயில் பாதைகளும், நீரோட்டம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லாத பக்கிங்காம் கால்வாயும். மேற்கே கொடுங்கையூர்க் குப்பைமேடு. 1980-களிலிருந்து மாநகரின் வடபாதிக் குப்பையை வாங்கிக்கொண்டு 300 ஏக்கருக்கு மேல் பரந்து கிடப்பது. வடமேற்கே மணலி, அங்கே 1969-இல் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையும் 1971-இல் உர ஆலையும் இயங்கத் தொடங்கின. இன்னும் வடக்கே எண்ணூர். அங்கே 1970-இல் தொடங்கிய அனல்மின் நிலையம் 2017-இல் மூடப்பட்டது என்றாலும், 1994 முதல் இயங்கும் வடசென்னை அனல்மின் நிலையமும் பிறகு வந்த வல்லூர் நிலையமும் நிலக்கரியை எரித்துக்கொண்டேயிருக்கின்றன. துறைமுகத்துக்குப் போகும் சரக்குப் பெட்டி லாரிகள் மணிக்கணக்கில் சாலைகளில் வரிசையாக நின்று உறுமுகின்றன. பகலில் கடற்காற்று கிழக்கிலிருந்து வந்து சற்று ஆறுதல் தரும். இரவில் தரைக்காற்று மேற்கிலிருந்து திரும்பும். குப்பைமேடு பற்றி எரியும் நாள்களில் அதன் புகை எந்தத் திசைக்கு வரும் என்பதைத் திசைகாட்டி வைத்துப் பார்க்க வேண்டியதில்லை. மார்கழி, தை மாதங்களின் விடியற்காலையில் குளிர்ந்த காற்று தரையோடு படுத்துக்கொண்டு மேலே எழ மறுக்கும். சுபுஹு பாங்கின் நேரம் அதுவே.

இந்தக் காற்று எல்லாரையும் ஒன்றுபோல் தாக்குவதில்லை. நான் தங்கியிருந்த வீட்டிலேயே ராத்தாவின் பேத்தி இருக்கிறாள், நான்கு வயது. மாதத்தில் நான்கைந்து இரவுகள் அவளுக்கு நெஞ்சில் விசில் சத்தம் வரும். முகத்தில் மூடி வைத்து மருந்துப் புகை கொடுக்கும் கருவியை உம்மா மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அந்த வயதுப் பிள்ளை நம்மைவிட அடிக்கடி மூச்சு விடுகிறது. அதன் எடைக்கு எடை நம்மைவிட அதிகக் காற்றை உள்ளே இழுக்கிறது. அதன் உயரமோ லாரியின் புகைக்குழாய்க்குச் சரியாக இருக்கிறது. அதன் நுரையீரல் இன்னும் கட்டி முடியாத வீடு. மூட்டை தூக்குகிறவனும் அப்படியே; சுமையோடு ஏறுகிறவன் அமர்ந்திருப்பவனைப்போல் பல மடங்கு காற்றை வாங்குகிறான், வாயைத் திறந்து வாங்குகிறான், மூக்கின் காவலும் அவனுக்கு இல்லை. ஒருமுறை காசநோய் வந்து குணமானவரின் நுரையீரலில் வடு இருக்கும். அவருக்கு அதே புகை இருமடங்கு பகை.

இனி வழக்குக்கு வருவோம். இப்பகுதியைப் பற்றி வசதியான இடங்களில் பேசும்போதெல்லாம் ஒரு வாதம் தவறாமல் வரும்: "ஆலை இருக்கிற இடம் என்று தெரிந்துதானே அங்கே குடியேறினார்கள்? வாடகை மலிவு என்று போனவர்கள்தானே?" படித்தவர்கள் சொல்வது. சில நேரம் நானும் சொல்லியிருக்கிறேன்.

இந்த வாதம் புதியதன்று. அறமற்ற வாதமென்று உடனே தள்ளிவிடத் தக்கதும் அன்று. நம் சட்ட அறிஞர்கள் இதை நேருக்கு நேர் சந்தித்திருக்கிறார்கள். உதுமானியப் பேரரசில் 1869 முதல் 1876 வரை தொகுக்கப்பட்ட மஜல்லா என்னும் சட்டத் தொகுப்பில், அண்டை வீட்டாருக்கு இழைக்கும் கேட்டைப் பற்றிய பகுதி ஒன்று உண்டு. ஒருவன் தன் இடத்தில் உலையோ ஆலையோ வைத்து, அதன் புகையால் பக்கத்து வீட்டில் மனிதர் குடியிருக்க முடியாமல் போகுமானால் அக்கேடு எவ்வகையிலேனும் நீக்கப்பட வேண்டும் என்பது அதன் கருத்து. தன் இடத்தில் தான் செய்வதுதானே என்ற பதில் அங்கே செல்லாது. ஆனால் அதே தொகுப்பு மறுபக்கத்தையும் பார்க்கிறது: கொல்லன் பட்டறை முன்பே இருக்க, அதன் அருகே பிறகு வந்து வீடு கட்டியவன், பட்டறையை மூடு என்று கேட்க இயலாது. முந்தி வந்தவர் யார் என்பது தீர்ப்பின் அச்சாணி.

அப்படியானால் வடசென்னையில் முந்தி வந்தவர் யார்? காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரையிலான மீனவர் குப்பங்களுக்கு முன்னால் எந்த ஆலையும் அங்கே இல்லை. துறைமுகத்துக்கும் ரயிலுக்கும் பஞ்சாலைகளுக்கும் கூலியாள் தேவைப்பட்டது, அழைத்தார்கள், வந்தார்கள். வேலையின் அருகிலேயே குடிசை போட்டார்கள், பேருந்துக்குக் கொடுக்கக் காசு இல்லாததால். 1970-இல் குடிசை மாற்று வாரியம் ஏற்பட்டது. அரசே அடுக்குமாடிகளை வடசென்னையில் கட்டி ஏழைகளை அமர்த்தியது. குப்பைமேடோ பலருக்குப் பின்னால் வந்தது. இதில் தாமாக வந்தவர் என்று எவரைப் பிரித்துக் காட்டுவது?

முந்தி, பிந்தி என்ற கணக்கையே ஒரு பேச்சுக்கு ஒத்துக்கொள்வோம். மோதினார் 27 வயதில் தாமே வந்தார், தெரிந்தே வந்தார். ராத்தாவின் பேத்தி எங்கிருந்து வந்தாள்? அவளுக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. அங்கேயே கண்விழித்தாள். வாப்பா செய்துகொண்ட ஒப்பந்தம் மகளின் நெஞ்சைக் கட்டுப்படுத்துமா? உணவில் குறையென்றால் உண்ணாமல் இருக்கலாம், தண்ணீர் கெட்டதென்றால் காய்ச்சிக் குடிக்கலாம். காற்றை மட்டும் எவரும் நிறுத்திவைத்து யோசிக்க இயலாது. உறங்கும்போதும் அது உள்ளே போகிறது. இசைவு என்ற சொல்லுக்கு, மறுக்கும் வாய்ப்பு உண்டென்ற இடத்தில்தான் பொருள்.

இதில் நம் முன்னோர் எவ்வளவு நுட்பமாக இருந்தார்கள் என்பதை நினைத்தால் வியப்பாக இருக்கிறது. பூண்டும் வெங்காயமும் தின்ற வாய் நாற்றத்தோடு பள்ளிக்கு வந்து பக்கத்திலிருப்பவரைத் துன்புறுத்த வேண்டாம் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்த செய்தி எல்லாரும் அறிந்தது. ஒருவன் வாயின் நாற்றமே அடுத்தவனின் உரிமையைத் தொடும் என்றால், 200 மீட்டர் உயரத்துப் புகைபோக்கி எதைத் தொடும்? பதினோராம் நூற்றாண்டில் கெய்ரோவில் வாழ்ந்த மருத்துவர் இப்னு ரிழ்வான், எகிப்தில் உடல்நோய்களைத் தடுப்பது பற்றி ஒரு நூல் எழுதினார். அதில் பழைய நகரான ஃபுஸ்தாத்தின் நெருங்கிய சந்துகள், உயர்ந்த வீடுகள், தெருவில் எறியும் கழிவு, குளிப்பறைகளின் உலைப்புகை, காற்றில்லாத மாலைகளில் ஊரின்மேல் கவியும் கருமை எல்லாவற்றையும் வரிசையாக விவரித்து, நகரின் ஒவ்வொரு பகுதிக்கும் ஒவ்வொரு காற்று உண்டென்று காட்டினார். நோயாளியின் நாடியைப் பார்ப்பதற்கு முன் அவன் வாழும் தெருவைப் பார்த்த மருத்துவர் அவர்.

இரண்டாவது வாதம் ஒன்று உண்டு. அது ஆலைகளின் வாதம். ஒவ்வொருவரும் "எங்கள் புகை அனுமதித்த அளவுக்குள் இருக்கிறது" என்பார்கள். உண்மையாகவே இருக்கலாம். நம் நாடு 2009-இல் வகுத்த வரம்பு, ஆண்டுச் சராசரியில் ஒரு கனமீட்டருக்கு 40 மைக்ரோகிராம் நுண்துகள். உலக சுகாதார நிறுவனம் 2021-இல் கூறிய அளவு 5. இரண்டுக்கும் இடையே எட்டு மடங்கு. நம் பிள்ளைகளின் நுரையீரல் ஜெனீவாப் பிள்ளைகளுடையதைவிட எட்டு மடங்கு உறுதியாகப் படைக்கப்படவில்லை. வரம்பு என்பது உடல் எதைத் தாங்கும் என்பதற்கான விடையாக இல்லாமல், நாடு எதைத் தாங்கச் சொல்கிறது என்பதற்கான விடையாகிவிட்டது. இன்னொன்று: வரம்பு ஒவ்வொரு புகைபோக்கிக்கும் தனித்தனியாக எழுதப்படுகிறது. புகைகளெல்லாம் ஒன்றுசேரும் இடம் அந்தச் சிறுமியின் மார்பு. அந்த இடத்துக்கு வரம்பு எழுதியவர் எவருமில்லை.

மூன்றாவது வாதம் சான்று கேட்பது. இவருடைய இருமல் எங்கள் புகையால் வந்தது என்று காட்டுங்கள் பார்க்கலாம், அவர் பீடி குடித்தவராயிற்றே என்பார்கள். 1952 டிசம்பரில் லண்டன் மாநகரை நிலக்கரிப் புகைமூட்டம் ஐந்து நாள்கள் மூடிக்கிடந்தது. நான்காயிரம் பேர் வழக்கத்துக்கு மேல் இறந்தார்கள் என்று முதலில் கணக்கிட்டார்கள். அடுத்த மாதங்களிலும் சாவு மிகுந்தபோது, அது குளிர்க்காய்ச்சலால் என்று அந்நாட்டுச் சுகாதாரத் துறை விளக்கம் சொன்னது. பிற்கால ஆய்வாளர்கள் அம்மாதங்களையும் சேர்த்துப் பன்னிரண்டாயிரம் வரை மதிப்பிட்டார்கள். அங்கே இறந்தவர்களில் பெரும்பாலோர் முதியோரும் பச்சிளங்குழந்தைகளும் முன்பே மார்புநோய் உள்ளவர்களும். ஒவ்வொருவருக்கும் வேறொரு காரணம் சொல்ல இடமிருந்தது. 1956-இல் தூய காற்றுச் சட்டம் வந்தபோது, எந்த அடுப்பு எந்தக் கிழவரைக் கொன்றது என்று எவரும் நிரூபித்திருக்கவில்லை. நிரூபிக்காமலேயே அடுப்பை மாற்றினார்கள்.

பீடி குடித்தவருடைய நெஞ்சு முன்பே பலவீனமானது என்பது உண்மை. ஆனால் பலவீனமானவனை அடிப்பவன் குற்றம் குறையுமா, கூடுமா? கண்ணாடிப் பாத்திரம் என்று தெரிந்த பிறகு அதன்மேல் கல்லெறிந்தவன், அது இரும்பாக இருந்திருந்தால் உடைந்திராதே என்று சொல்லித் தப்ப இயலாது.

இவ்வளவும் எழுதிய நான் ராத்தாவின் வீட்டில் வாங்கிக் கட்டிக்கொண்ட கதையையும் சொல்லியாக வேண்டும். ஓரிரவு பேத்திக்கு இரைப்பு வந்தது. அறையின் மூலையில் கொசுவத்திச் சுருள் எரிந்துகொண்டிருந்தது. மாலையில் போட்ட சாம்பிராணியின் புகையும் இன்னும் நின்றது. கதவு, ஜன்னல் எல்லாம் அடைப்பு. சீனத்திலும் மலேசியாவிலும் விற்ற சுருள்களை ஆராய்ந்து 2003-இல் வெளியிட்ட ஓர் ஆய்வை நான் படித்திருந்தேன். ஒரு சுருள் எரிந்து முடிவதற்குள் வெளிப்படும் நுண்துகள், 75 முதல் 137 சிகரெட்டுகளின் நுண்துகளுக்குச் சமம் என்பது அதில் கண்டது. அந்தக் கல்வியைக் காட்டும் வாய்ப்பு கிடைத்த மகிழ்ச்சியில், "ராத்தா, பிள்ளைக்கு நீங்களே நஞ்சு வைக்கிறீங்களே, ஜன்னலைத் திறந்து விடுங்க" என்றேன்.

ராத்தா ஒன்றும் பேசாமல் எழுந்து போய் ஜன்னலைத் திறந்தார். கால்வாயின் கொசுக்கள் வந்தன. சற்று நேரத்தில், எங்கோ எரிந்துகொண்டிருந்த பிளாஸ்டிக்கின் நாற்றமும் வந்தது. பிள்ளை இருமத் தொடங்கினாள். "இப்ப சொல்லு தம்பி, எதை மூட, எதைத் திறக்க?" என்றார். போன ஆண்டு அடுத்த வீட்டுப் பிள்ளை டெங்குவில் பத்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்த கதையை அவர் எனக்கு முன்பே சொல்லியிருக்கிறார்.

சாம்பிராணியை அன்றோடு விட்டுவிட்டார். அதில் அவருக்குத் தேர்வு இருந்தது. வலை கட்டினார்கள். சமையலறையில் புகை வெளியேற்றும் விசிறி ஒன்றை மச்சான் வாங்கி மாட்டினார். இவையெல்லாம் செய்யத்தக்கவை, நம் வீடுகள்தோறும் செய்யத்தக்கவை. விருந்து நாள்களில் அடைத்த அறையில் ஊது புகைக்கும் வழக்கத்தையும், ஆஸ்துமா உள்ள பிள்ளை வீட்டிலிருந்தால் நிறுத்திவிடலாம். ஆனால் நான் அவரைக் குற்றஞ்சாட்டிய அந்த ஒரு நொடியை மறக்க முடியவில்லை. இரண்டு தீமைகளுக்கு நடுவே நிறுத்தப்பட்டவர் ஒன்றைக் கைக்கொண்டால், அவர் கைக்கொண்டதை மட்டும் பார்த்து அவருடைய குற்றம் என்கிறோம். அங்கே நிறுத்தியவரைப் பார்ப்பதில்லை.

நிறுத்தியவர் யார் என்று தேடப் போனால் கை நம் பக்கமே திரும்புகிறது. நான் வசிக்கும் பகுதியின் வீட்டு விளக்கும் குளிர்சாதனமும் வடக்கே எரியும் கரியில் ஓடுகின்றன. நம் வண்டிக்கு மணலி எண்ணெய் ஊற்றுகிறது. நம் கல்யாண விருந்துகளில் வீணாகும் பிரியாணியும் ஒருமுறை பயன்படுத்தி எறியும் தட்டுகளும் ஏதேனும் ஒரு மேட்டுக்குத்தான் போகின்றன. சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத்தாதுவும் கையாளுவதை 2011-இல் உயர்நீதிமன்றம் தடுத்தது. அவ்வாண்டு அக்டோபர் முதல் அது நின்றது. இராயபுரத்து மொட்டை மாடிகளில் காயப்போட்ட துணி கருப்பாவது குறைந்ததென்று எல்லாரும் மகிழ்ந்தோம். கரி எங்கே போயிற்று? எண்ணூருக்குப் போயிற்று. அங்கும் மொட்டை மாடிகள் இருக்கின்றன. அதே எண்ணூரில் 2023 டிசம்பர் 26 நள்ளிரவை ஒட்டி, ஓர் உர ஆலையின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, பெரியகுப்பத்து மக்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள்; பலர் மூச்சுத் திணறி மருத்துவமனை சேர்ந்தார்கள். அந்த இரவு செய்தித்தாளில் வந்தது. அன்றாடம் சிறிது சிறிதாக நெஞ்சில் படிவதற்குச் செய்தி மதிப்பு கிடையாது. இப்போது கொடுங்கையூரில் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் உலை ஒன்றை அமைக்கும் திட்டம் எழுந்தது. அதை எதிர்த்து 2025-இல் அப்பகுதி மக்கள் மனிதச் சங்கிலியாகக் கைகோத்து நின்றார்கள். முந்தி வந்தவர் யார் என்று அவர்களைக் கேட்க இனி எவருக்கும் வாய் இராது.

இதே சென்னையில்தான் நுரையீரலைப் பற்றிய பெரிய நற்செய்தி ஒன்று உலகுக்குக் கிடைத்தது. 1956-இல் இங்கே நிறுவப்பட்ட காசநோய் மருந்தாய்வு நிலையம், நோயாளிகளில் ஒரு பகுதியினரை மருத்துவ விடுதியிலும் மற்றொரு பகுதியினரை அவரவர் வீட்டிலும் வைத்து மருந்து கொடுத்துப் பார்த்தது. வீட்டிலிருந்தவர்கள் ஏழைகள், நெரிசலான குடியிருப்பு, குறைந்த உணவு. ஆயினும் விடுதியிலிருந்தவர்களுக்கு ஏறத்தாழ இணையாகவே அவர்களும் குணமானார்கள் என்று 1959-இல் அறிவித்தார்கள். உலகெங்கும் காசநோய் மருத்துவமே அதன்பின் மாறியது. வறுமையின் சுவரைத் தாண்டி மருந்து உள்ளே போயிற்று. நாம் பேசும் இந்த நோய்க்கு அத்தகைய மாத்திரை கிடையாது. உறிஞ்சும் மருந்து குழாயைத் திறந்துவைக்கும். இழந்த சிற்றறையைத் திருப்பித் தராது. இதற்கான மருந்தை நோயாளியின் கையில் கொடுக்க முடியாது. அது நகரத்தின் கையில் இருக்கிறது, வாரியங்களின் கையில் இருக்கிறது, நம் கையிலும் ஓரளவு இருக்கிறது.

ஒரு மாதம் கழித்து மோதினாரை மறுபடியும் அதே மருத்துவரிடம் அழைத்துப் போனேன். இரைப்பு சற்றுக் குறைந்திருந்தது. மருத்துவர் பழைய சீட்டை எடுத்துப் பார்த்தபோது, "டாக்டர், இதில் இன்னொன்றும் எழுதலாமா?" என்று கேட்டேன். என்ன என்றார். இவர் கொருக்குப்பேட்டையில் 41 ஆண்டுகளாக இருக்கிறார், சிமெண்டு மூட்டை இறக்கியிருக்கிறார் என்றேன். அவர் என்னை ஒருமுறை பார்த்தார், கோபப்படவில்லை. "எழுதுகிறேன். நான் கேட்டிருக்க வேண்டும்" என்று சொல்லி, பீடி என்று எழுதிய வரிக்குக் கீழே அவ்விரண்டையும் எழுதினார். "ஆனால் இதற்கு எதிரே எழுத என்னிடம் மருந்து இல்லை" என்றார். மோதினார் சீட்டை வாங்கி, கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு அந்தப் புதிய வரிகளை நெடுநேரம் பார்த்தார். பிறகு மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பாவத்தைப் பற்றி அன்று அவர் ஒன்றும் சொல்லவில்லை.

சுபுஹு பாங்கைப் பள்ளி நிர்வாகத்தார் ஓர் இளைஞனிடம் ஒப்படைத்துவிட்டார்கள். மோதினார் அஸரை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. அந்நேரம் கடற்காற்று வந்திருக்கும் என்பது அவர் சொன்ன காரணம். நான் ஊர் திரும்பிய நாளின் அஸர் பாங்கை ரயில் நிலையத்திலிருந்து கேட்டேன். நெடிய வாக்கியங்களில் ஒன்றை ஒரே மூச்சில் முடித்தார், அடுத்ததை இரண்டாகச் சொன்னார்.